ரிம்மின் நடுவே ஒரு பள்ளம்

புறவழிச்சாலையில் பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பழைய டயர்கள், மேல் டயரில் வெள்ளைப் பெயின்ட் எழுத்து, பாதியாக வெட்டிய டிரம்மில் கறுத்துப்போன தண்ணீர், பக்கத்தில் காற்றடிக்கும் கம்ப்ரஸர். இரண்டு கிலோமீட்டர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்காருவதற்குள் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்திருப்பார். காலால் இரண்டு மிதி. கையில் இரண்டு லீவர். டயரின் ஒரு பக்கம் வெளியே வந்துவிடும். டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்தித் திருப்புவார். ஓரிடத்தில் குமிழிகள் சரம் பிடித்தாற்போல மேலே வரும். அந்த இடத்தில் அவர் விரல் அழுந்தும். முள் குத்திய இடம் பிடிபட்டுவிட்டது.

இதே வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் செய்து பார்த்தவர்களின் அனுபவம் பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். சக்கரம் கழன்றுவிடும். பழைய டயரும் எப்படியோ வந்துவிடும். புது டயரும் முக்கால்வாசி உள்ளே போய்விடும். கடைசி ஒரு சாண் மட்டும் போகாது. லீவரை இறக்கினால் எதிர்ப்பக்கம் எழும்பும். எதிர்ப்பக்கத்தை மிதித்தால் இந்தப் பக்கம் வழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நெம்பாக நெம்பி ஏற்றிய பிறகு காற்றடித்தால், அடித்த காற்று ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். பிரித்துப் பார்த்தால் புது டியூபில் அடுத்தடுத்து இரண்டு வெட்டு. "லீவர் டியூபைக் கடிச்சிருச்சு" என்பார்கள் கடைக்காரர்கள்.

அந்தக் கடைசி ஒரு சாணில் தோற்றவர்கள் தங்கள் கையில் பலம் போதவில்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே பலத்துக்கு வேலையே இல்லை. டயர் மாற்றும் வித்தை முழுவதும் ரிம்மின் நடுவே ஓடும் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். மெலிந்த கை உள்ளவர்களும் வீட்டிலேயே டயர் மாற்றலாம்.

வளையல்காரரின் சூத்திரம்

டயர் ரப்பரால் ஆனது என்பதால் அது இழுத்த இழுப்புக்கு விரியும் என்று தோன்றும். பக்கவாட்டுச் சுவரும், சாலையில் படும் பட்டனும் வளையும், நெளியும். ஆனால் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் விளிம்பு அப்படி இல்லை. 'பீடு' என்று சொல்லப்படும் அந்த விளிம்புக்குள் எஃகுக் கம்பிகள் வளையமாக ஓடுகின்றன. அந்த வளையம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. நீளவும் கூடாது. ஓடும்போது டயர் ரிம்மை விட்டு விலகாமல் இருப்பதே அந்தக் கம்பியால்தான்.

18 அங்குல ரிம் என்றால் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம் ஏறக்குறைய 457 மில்லிமீட்டர். ஆனால் ரிம்மின் இரு ஓரங்களும் அதைவிட உயரமாக, ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கின்றன. நீளாத ஒரு வளையம் தன்னைவிடப் பெரிய ஒரு வட்டத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அது எப்படி முடியும்?

கண்ணாடி வளையல் போட்டுவிடுகிறவர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. வளையல் விரியாது. அதனால் அவர்கள் வளையலோடு மல்லுக்கட்டுவதில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முட்டிகளை ஒடுக்கி, கையைச் சிறிதாக்கிக்கொண்டு வளையலைச் சாய்த்து ஏற்றுகிறார்கள். வேண்டுமானால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். வளையல் உடையாமல் மணிக்கட்டுக்குப் போய்விடும்.

ரிம்மில் மடங்கிக் கொடுக்கும் கட்டைவிரல்தான் அந்த நடுப்பள்ளம். டயர் விளிம்பின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அதற்கு நேர் எதிரே அதே அளவுக்குத் தளர்வு கிடைக்கிறது. அந்தத் தளர்வில் விளிம்பு ரிம்மின் ஓரத்தைத் தாண்டிவிடும். பள்ளத்தில் இறக்காமல் நெம்பினால் எஃகுக் கம்பியை இழுத்து நீட்டப் பார்க்கிறோம் என்று பொருள். கம்பி நீளாது, லீவர் வளையும், ரிம் நெளியும், டியூப் கிழியும்.

ஆணி தூவிய பந்தயம்

இந்தப் பள்ளத்துக்கு வயது 130 ஆண்டுக்கு மேல். காற்றடைத்த டயருக்கு 1845-ல் முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். அது அப்போது பரவவில்லை. 1888-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடியும் காற்று டயரைச் செய்தார். இந்த முறை உலகம் பிடித்துக்கொண்டது.

டன்லப்பின் டயரில் சவாரி சுகமாக இருந்தது, பஞ்சரானால்தான் துன்பம். டயர் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் ஊரில் ரப்பர் தொழிற்சாலை நடத்திவந்த மிஷெலின் சகோதரர்களிடம் 1889-ல் ஒரு சைக்கிள்காரர் அப்படிப்பட்ட டயரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம் ஆனது. பசை காய ஓர் இரவு வேண்டியிருந்தது. சவாரியின் சுகத்தையும் பழுதுபார்க்கும் பாட்டையும் ஒரே நாளில் பார்த்த எடுவார் மிஷெலின், கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கும் வேலையில் இறங்கினார். 1891-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தில் சார்ல் டெரோன் அந்த டயரோடு ஓட்டி ஜெயித்தார். மறு ஆண்டு மிஷெலின் நிறுவனமே பாரிஸிலிருந்து கிளெர்மோன் ஃபெரானுக்கு ஒரு பந்தயம் நடத்தியது. வழியில் ஆணிகளைத் தூவியும் வைத்தது. எத்தனை பஞ்சர் ஆனாலும் வழியிலேயே சரிசெய்துகொண்டு போகலாம் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இன்றைய பைக் டயர் பின்பற்றும் வழி இன்னொருவருடையது. 1890-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச், விளிம்புக்குள் நீளாத கம்பியும் நடுவில் குழிந்த ரிம்மும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். டன்லப் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. சைக்கிள், பைக், கார் என்று இன்று ஓடும் சக்கரங்களில் பெரும்பாலானவை அந்த யோசனையின் வழிவந்தவையே.

நம் பக்கத்தில் இந்தக் கதையைத் தொட்டுச் செல்லும் ஊர் வடசென்னையின் திருவொற்றியூர். 1946-ல் அங்கே ஒரு சிறு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகளுக்கான பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அதுவே பிறகு டிரெட் ரப்பருக்கும் டயருக்கும் வளர்ந்து மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்ஆர்எஃப் ஆனது. அதே திருவொற்றியூரில்தான் 1950-களின் நடுவே ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் தயாராகத் தொடங்கியது. பைக்கும் அதற்கான டயரும் ஒரே ஊர்க் காற்றில் வளர்ந்தன.

டயர் சுவரில் எழுதியிருப்பது

புது டயர் வாங்கும் முன் பழைய டயரின் சுவரைத் துடைத்துப் படிக்க வேண்டும். ஒரு பைக் டயருக்குத் தேவையான எல்லா விவரமும் அங்கேயே அச்சாகியிருக்கிறது.

80/100-18 என்று இருந்தால் டயரின் அகலம் 80 மில்லிமீட்டர், அதன் சுவர் உயரம் அகலத்தில் நூறு சதவீதம், அதாவது அதே 80 மில்லிமீட்டர், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். 120/80-18 என்றால் அகலம் 120, உயரம் அதில் எண்பது சதவீதமான 96 மில்லிமீட்டர். பழைய புல்லட் டயர்களில் 3.25-19 என்று இருக்கும். அங்கே அகலமும் அங்குலக் கணக்கு. அளவை ஒட்டி வரும் 62பி போன்ற குறியில் எண் சுமையையும் எழுத்து வேகத்தையும் சொல்கிறது. 62 என்றால் அந்த டயர் 265 கிலோ வரை தாங்கும். பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை.

நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். அது டயரின் பிறந்த நாள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலில் நின்றே கிடக்கும் வண்டியின் டயர் சுவரில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடியிருப்பதைப் பார்க்கலாம். ஐந்து வயது தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது கைதேர்ந்தவரிடம் காட்ட வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் அறிவுரை.

பட்டனின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறு திட்டுகள் தெரியும். டயர் சுவரில் டிடபிள்யுஐ என்ற எழுத்து இருக்கும் இடத்துக்கு நேரே பார்த்தால் கண்டுபிடிப்பது சுலபம். பட்டன் தேய்ந்து அந்தத் திட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் மொட்டை என்று கணக்கு. வறண்ட சாலையில் மொட்டை டயர் ஓடுவதுபோலத்தான் ஓடும். மழை பெய்த முதல் நாளில்தான் அதன் குணம் தெரியும். தண்ணீரை வாங்கி வெளியே தள்ளப் பள்ளம் இல்லாததால் ரப்பருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே தண்ணீர் நின்றுவிடுகிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது.

இன்னொரு குறி அம்பு. டயர் எந்தத் திசையில் உருள வேண்டும் என்று அது காட்டுகிறது. வீட்டில் மாற்றுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். எல்லா வேலையும் முடித்துச் சக்கரத்தை மாட்டி எழுந்து பார்த்தால் அம்பு பின்னோக்கி இருக்கும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கழற்றும் வரிசை

வீட்டில் முதல் முறை முயல்பவருக்குப் பொருத்தமானது டியூப் உள்ள, ஸ்போக் வைத்த, 100 முதல் 350 சிசி வரையிலான வண்டிதான். வேண்டிய சாமான் அதிகம் இல்லை: ஆக்ஸில் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், முனை மழுங்கிய டயர் லீவர் இரண்டு அல்லது மூன்று, வால்வுக்குள் இருக்கும் ஊசியைத் திருகி எடுக்கும் சிறு கருவி, சோப்புத் தண்ணீர், கொஞ்சம் முகப் பவுடர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், ஒரு பம்பு. கூர்முனை ஸ்க்ரூடிரைவரை லீவராகப் பயன்படுத்தக் கூடாது. டியூபைக் கிழிப்பதில் அதை மிஞ்ச வேறொன்று இல்லை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு வண்டி ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்சக்கரமானால் பிரேக் ராடு, பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் பட்டை, பிறகு ஆக்ஸில் நட்டு என்று வரிசையாகக் கழற்றலாம். ஆக்ஸிலை உருவும்போது இரு பக்கமும் சிறு குழாய்த் துண்டுகள் விழும். அவற்றில் இடது எது, வலது எது என்பது மாட்டும்போது பெரிய கேள்வியாகிவிடும். தரையில் செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே வருவது நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

டிஸ்க் பிரேக் வண்டியில் இரண்டு எச்சரிக்கை. சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. உள்ளிருக்கும் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் டிஸ்க் திரும்ப நுழையாது. சக்கரத்தைத் தரையில் கிடத்தும்போது டிஸ்க் கீழே படக் கூடாது. ஒரு பழைய கார் டயரின் மேல் கிடத்தினால் டிஸ்க்கும் தப்பும், வேலை செய்யும் உயரமும் கிடைக்கும்.

வால்வின் ஊசியைத் திருகி எடுத்துவிட்டால் காற்று முழுவதும் இறங்கிவிடும். அதன் பிறகும் டயர் ரிம்மை விடாது. ஆண்டுக்கணக்கில் காற்றின் அழுத்தத்தில் இருந்த விளிம்பு துருவோடும் தூசியோடும் ரிம்மில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி, ரிம்மை ஒட்டிக் குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் 'டப்' என்று விட்டுக்கொடுக்கும். பிடிவாதமான டயருக்கு வேறொரு வழி உண்டு. இன்னொரு பைக்கைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் சைடு ஸ்டாண்டின் நுனியை டயரின் சுவர் மேல், ரிம்மின் ஓரத்தை ஒட்டி வைத்து வண்டியை மெல்லச் சாய்ப்பார்கள். அந்த வண்டியின் எடையே வேலையை முடித்துவிடும். வண்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

இங்கேதான் பள்ளம் வேலைக்கு வருகிறது. ரிம்மைச் சுற்றி எல்லா இடத்திலும் பள்ளம் காலியாக இருக்கும், ஓர் இடத்தைத் தவிர. டியூபின் வால்வு நிற்கும் இடத்தில் மட்டும் அதன் தடித்த அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே டயரின் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது.

ஆகவே கழற்றும்போது வால்வுக்குப் பக்கத்தில் லீவரைப் போட்டுத் தொடங்க வேண்டும். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளி வைத்திருக்க வேண்டும். மாட்டும்போது இதற்குத் தலைகீழ்: வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வுக்குப் பக்கத்தில் முடிக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நெம்பும் இடம் வால்வுப் பக்கம் இருந்தால்தான் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்கியிருக்க முடியும்.

லீவர் ஒவ்வொரு முறையும் நான்கு விரல் அகலத்துக்கு மேல் நகரக் கூடாது. ஒரேயடியாக ஒரு சாண் தாண்டப் பார்த்தால் எதிர்ப்பு கூடும். முதல் லீவரைப் போட்டு ஸ்போக்கில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இரண்டாவதைப் போட்டு, பிறகு மூன்றாவது. பாதி வட்டம் வெளியே வந்துவிட்டால் மீதியைக் கையாலேயே உருவலாம்.

டயர் வெளியே வந்ததும் அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய டியூபையே மாட்டுவதாக இருந்தால் முள்ளோ கம்பியோ எங்கே குத்தியது என்று கண்டுபிடித்து எடுக்காமல் மாட்டக் கூடாது. வெறும் விரலை இழுத்துத் தடவினால் கம்பி விரலில் ஏறிவிடும். ஒரு துண்டுத் துணியைத் தேய்த்தால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் முனைகளை மூடி ஒரு ரப்பர் பட்டை ஓடும். அது கிழிந்திருந்தாலோ நகர்ந்திருந்தாலோ ஸ்போக்கே டியூபைக் குத்தும். சக்கரம் கையில் இருக்கும்போதே வீல் பேரிங்கை விரலால் சுற்றிப் பார்க்கலாம். சொரசொரவென்று சுற்றினால் அதற்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் குஷன் ரப்பர்கள் நசுங்கியிருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

கடைசி ஒரு சாண்

புது டயரை மாட்டும் முன் அரை மணி நேரம் வெயிலில் போட்டுவைத்தால் ரப்பர் இளகிக் கொடுக்கும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

சில டயர்களின் சுவரில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். டயரின் எடை குறைந்த இடம் அது. ரிம்மில் வால்வு நிற்கும் இடம் கொஞ்சம் கனமானது என்பதால் இரண்டையும் நேராக வைத்தால் எடை சமமாகும். டயரின் முதல் விளிம்பை, சோப்புத் தண்ணீர் தடவி, பெரும்பாலும் கையாலேயே ரிம்முக்குள் ஏற்றிவிடலாம். பிறகு டியூபின் மேல் பவுடரைத் தூவி, உருண்டை பிடிக்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்து உள்ளே நுழைக்க வேண்டும். காற்றே இல்லாத டியூப் துணி போலத் துவண்டு லீவருக்குக் கீழே வந்து மாட்டிக்கொள்ளும். காற்று அதிகமானாலும் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். வால்வைத் துளையில் விட்டு, அதன் நட்டை நுனியில் மட்டும் இரண்டு சுற்று சுற்றி நிறுத்துவது போதும்.

இனி இரண்டாவது விளிம்பு. வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரு கைகளாலும் இரு பக்கமும் அழுத்திக்கொண்டே வந்தால் முக்கால்வாசி லீவர் இல்லாமலேயே போய்விடும். பிறகு அது இறுகும். இறுகும் அந்தக் கணத்தில் லீவரைத் தேடக் கூடாது. எதிர்ப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். தொடங்கிய இடத்தில் டயரின் விளிம்பு பள்ளத்தை விட்டு மெல்ல மேலே ஏறி ஓரமாக உட்கார்ந்திருக்கும். முழங்கால்களை அங்கே ஊன்றி, அதை மறுபடி பள்ளத்துக்குள் இறக்கினால் இந்தப் பக்கம் தானாகத் தளரும். இறுகியிருந்த ஒரு சாண் அரை சாணாகும்.

மீதி இருப்பதை இரண்டு விரல் அகலமாக லீவரால் ஏற்ற வேண்டும். லீவரின் நுனி ரிம்மின் ஓரத்தைக் கவ்வினால் போதும். அதற்கு மேல் உள்ளே போனால் அங்கே டியூப் இருக்கிறது. கடைசி நெம்புக்கு முன் வால்வை உள்ளே தள்ளி விட வேண்டும். அப்போதுதான் அதன் அடிப்பாகம் விளிம்பின் கீழ் நசுங்காமல் மேலே எழும். முறையாக வந்தால் கடைசித் துண்டு சத்தமில்லாமல் உள்ளே போகும். பலம் முழுவதையும் போட வேண்டியிருந்தால் ஏதோ தவறு. நிறுத்திவிட்டு முழங்காலுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

காற்றடிக்கும்போது விளிம்பு வெளிப்புறமாக நகர்ந்து தன் இடத்தில் உட்காரும். டயரின் சுவரில், ரிம்மை ஒட்டி, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் கோடு மறைந்தால் அங்கே டயர் இன்னும் கீழே இருக்கிறது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் போட்டு மறுபடி அடிக்க வேண்டும். அதை உட்காரவைக்கிறேன் என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. 40 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். கம்பி அறுந்து டயர் வெடித்தால் கை போகும். ஒருமுறை காற்றை முழுவதும் இறக்கிவிட்டு மீண்டும் அடித்தால் டியூபில் இருக்கும் சுருக்கமும் நீங்கும். பிறகு வண்டியின் கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்குக் கொண்டுவரலாம்.

டியூப்லெஸ் வேறு ரகம்

அலாய் வீலோடு வரும் டியூப்லெஸ் டயர்களில் விளிம்பு ரிம்மோடு காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். அதற்காக ரிம்மில் விளிம்பு உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். காற்று குறைந்தாலும் விளிம்பு பள்ளத்துக்கு நழுவாமல் அது தடுக்கும். ஓட்டுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிற அந்த மேடே கழற்றுகிறவருக்குச் சிரமம் தருகிறது. குதிகால் மிதிக்கு இது மசியாது. மாட்டிய பிறகும் கைப்பம்பு உதவாது. விளிம்பு ரிம்மில் ஒட்ட ஒரே வீச்சில் நிறையக் காற்று வேண்டும். லீவர் அலாயில் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே காற்று கசியும். அகலமான, சுவர் குட்டையான ரேடியல் டயர்களுக்கும் இதே கதைதான். அவற்றை மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுத்துவிடுவதே சரி. பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் ரப்பர் திரியைத் திணித்து அடைப்பதை மட்டும் யாரும் வீட்டில் செய்யலாம். சுவரில் ஏறினால் டயரையே மாற்ற வேண்டும்.

ஸ்போக் வீலில் டியூப்லெஸ் டயரை ஏன் சாதாரணமாகப் போட முடிவதில்லை என்பதற்கும் பள்ளமே காரணம். ஸ்போக்குகள் பள்ளத்தின் நடுவே துளையிட்டுத்தான் வருகின்றன. அந்தத் துளைகள் வழியே காற்று போய்விடும். பிஎம்டபிள்யூ 1980-களின் இறுதியில் தன் ஜிஎஸ் வண்டிகளில் ஸ்போக்குகளை நடுவிலிருந்து எடுத்து ரிம்மின் ஓரங்களில் பொருத்தி இதற்கு வழி கண்டது.

உதவிக்கு யாரும் வரக் கூடாது

தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கும் நாட்டில் இதையெல்லாம் எதற்குக் கற்க வேண்டும்? பஞ்சர் கடை இல்லாத சாலைகளும் இந்த நாட்டில் இருக்கின்றன. மணாலியிலிருந்து லே போகும் வழியில், சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று அங்கே வைத்த பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பைக்காரர்கள் குறைவு. அந்தத் தூரத்துக்குள் 5,300 மீட்டருக்கும் உயரமான தக்லாங் லா கணவாய் இருக்கிறது. மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் கூர்ங்கல் டியூபைக் கிழித்தால் கூப்பிடு தூரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் கோடையில் தமிழ்நாட்டிலிருந்தும் வண்டிகள் அங்கே போகின்றன. சென்னையில் தயாராகி 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனே முன்னால் 21 அங்குலமும் பின்னால் 17 அங்குலமுமாக டியூப் டயர்களோடுதான் வந்தது. முன்னே பின்னே ஒவ்வோர் அளவிலும் ஒரு டியூப், மூன்று லீவர், கைப்பம்பு இல்லாமல் விவரம் தெரிந்தவர்கள் மணாலியைத் தாண்டுவதில்லை.

இதையே போட்டியின் விதியாக வைத்திருக்கும் விளையாட்டும் ஒன்று உண்டு. 1913-ல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய ஆறு நாள் பந்தயம், இன்று சர்வதேச ஆறு நாள் எண்டியூரோ என்ற பெயரில் நடக்கிறது. காடு, மலை, சேறு என்று ஆறு நாள் ஓட்டும் வீரர், தன் வண்டியைத் தானே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும். டயர் மாற்றுவதும் அவரே. நாள் முழுக்க ஓட்டிக் களைத்து வந்த பிறகு, வண்டியை ஒப்படைக்கும் முன் கிடைக்கும் கால் மணி நேரத்துக்குள் டயரை மாற்றி, மற்ற வேலைகளையும் முடித்தாக வேண்டும். உதவியாளர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கலாம், லீவரைத் தொடக் கூடாது. கைதேர்ந்த வீரர்கள் ஒரு டயரை ஐந்து நிமிடத்துக்குள் மாற்றிவிடுகிறார்கள். அவர்களின் முழங்காலைக் கவனித்தால், அது எப்போதும் லீவருக்கு எதிர்ப்பக்கம் பள்ளத்தின் மேலேயே இருக்கும்.

எங்கேயும் போகாதவருக்கும் பலன் உண்டு. ஒருமுறை தன் கையால் டயரை மாற்றியவர் அதன் பிறகு காற்று குறைந்த வண்டியை அப்படியே ஓட்டிப் போவதில்லை. காற்றில்லாமல் உருளும்போது உள்ளே டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே அரைபட்டுக் கிழிவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பஞ்சர் கடைக்காரர் லீவர் போடும் விதத்தைக் கவனிக்கவும், "அண்ணே, உள்ள ரிம் பட்டை எப்படி இருக்கு?" என்று கேட்கவும் அவருக்குத் தெரியும். கேட்டால் மகிழ்ந்து சொல்லிக் கொடுக்கும் ஆசான்களாகவே பெரும்பாலான கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

மாட்டிய பிறகு

சக்கரத்தை மாட்டி ஆக்ஸில் நட்டை இறுக்கும் முன், செயின் அட்ஜஸ்டரின் குறிகள் இரு பக்கமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் சக்கரம் கோணலாக ஓடும். பிரேக் தட்டின் பட்டையை மாட்டாமல் விட்டால் முதல் பிரேக்கிலேயே தட்டு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதால் அதை இரண்டு முறை சரிபார்ப்பது அவசியம். டிஸ்க் வண்டியில், கிளம்பும் முன் பிரேக்கைச் சில முறை அழுத்திக் கெட்டிப்படுகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

புது டயரின் மேல்பரப்பு வழவழவென்று இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை திருப்பத்தில் சாய்ப்பதும் திடீரென்று பிரேக் பிடிப்பதும் கூடாது. மறுநாள் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, காற்றை ஒருமுறை அளந்து பார்த்தால் டியூப் கடிபட்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மிஞ்சுவது பழைய டயர். மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ போட்டால் அதன் குழிவில் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும், ஒன்றிரண்டு வாரத்தில் புதுக் கொசு பறக்கும். மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் தேடும் பொருள்களில் அதுவும் ஒன்று. டயரை அன்றைக்கே பஞ்சர் கடையில் கொடுத்துவிடலாம். பழைய டியூபை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு விரல் அகலத்தில் நீளவாக்கில் வெட்டினால், கேரியரில் அரிசி மூட்டை கட்ட அதைவிடப் பிடிப்பான கயிறு கிடையாது.